மங்கிய ஒளிக்கு நீதி

கண்ணாற் கண்டதே மெய் என்பது உலக வழக்கு. கண் காண்பதையே கருவியும் பதிவுசெய்கிறது என்னும் நம்பிக்கையினாற் புகைப்படத்துக்கும் அவ்வழக்கின் சலுகை கிட்டியது. நீதிமன்றத்தில் அது சான்றாகிறது. கடவுச்சீட்டில் அது ஆளுக்கு ஈடாகிறது. ஆனால், கண் ஒருபோதும் காணாத ஒன்றைப் புகைப்படம் காட்டுமாயின் அதனை மெய் என்பதா, பொய் என்பதா? இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புவன விண்முகில்களின் படங்களாகும். நெபுலா என்று அறிவியலார் அழைக்கும் இம்முகில்கள் விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசுமாகும். அவற்றின் படங்கள் நூல்களிலும் நாட்காட்டிகளிலும் செம்மையும் நீலமும் பொன்மையுமாய் ஒளிர்கின்றன. தொலைகாட்டியில் நேரே கண்வைத்துப் பார்ப்பவர் காண்பதோ சாம்பல் நிறமான ஒரு மெல்லிய படலம். படத்துக்கும் பார்வைக்கும் இடைப்பட்ட இத்தூரம் ஏமாற்றா, அறிவா என்பதை ஆராய்வதும், அவ்வாராய்ச்சி மலையக மக்களைப் படம்பிடிப்போர்க்கு எதனை உணர்த்துகின்றது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விண்முகிலையும் தேயிலை மலையையும் ஒருங்குவைத்து நோக்குவது வலிந்த செயலாகச் சிலர்க்குத் தோன்றலாம். எனினும் வரலாறே அவற்றை ஓரிடத்திற் சேர்த்து வைத்துள்ளது. ஹட்டனுக்குத் தென்கிழக்கே, பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, 48ஆம் வயதிலே கமராவைக் கையிலெடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவராக மதிக்கப்படுபவர் அவர். அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், நம் வரலாற்று மாணவர் நன்கறிந்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவைச் சேர்ந்தவர். இலங்கையிற் கோப்பித் தோட்டங்களை வாங்கியிருந்த இக்குடும்பம் 1875இல் இங்கு வந்து குடியேறியது. 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே ஜூலியா மறைந்தார்.

இவ்வம்மையாருக்குப் புகைப்படத்தை அறிமுகஞ் செய்தவர் வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷல். இருவரும் 1836இல் நன்னம்பிக்கை முனையிற் சந்தித்தனர். ஹேர்ஷல் அக்காலத்தில் தென்வானத்து விண்மீன்களையும் விண்முகில்களையும் தொலைகாட்டியாற் கண்டு பட்டியலிட்டுக் கொண்டிருந்தார். வெள்ளி உப்புக்களைக் கரைக்கும் ஹைப்போவின் இயல்பை 1819இலேயே கண்டவர் அவர். படத்தை மறையாது நிலைநிறுத்த அது பயன்படும் என்பதை 1839இல் எடுத்துக்காட்டியவரும், நெகட்டிவ், பொசிட்டிவ் என்னும் சொற்களைப் புகைப்படத் துறைக்கு வழங்கியவரும் அவரே. எனவே, விண்முகிலை ஆராய்ந்த கையும் படத்தை நிலைநிறுத்திய கையும் ஒன்றாகும். அக்கையிடமிருந்து இக்கலையின் முதற் செய்தியைப் பெற்றவர் நம் தேயிலை மலைகளினிடையே துயில்கின்றார்.

முனையில் இருந்தபோது ஹேர்ஷல் விண்முகில்களை வரைந்தார். அவற்றுள் இரண்டு சிறப்பானவை: ஒன்று ஓரியன் விண்முகில், மற்றையது கரீனா விண்முகில். மலையகத்து வானம் இவ்விரண்டையும் காணும் பேறு பெற்றது. நுவரெலியா, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில், கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை மாத இரவுகளில், மிருகசீரிடத்தையும் திருவாதிரையையும் தன்னகத்தே கொண்ட ஓரியன் தொகுதி அங்கு உச்சிக்கு அண்மையில் நிற்கும். அதன் இடைக்கச்சையான மூன்று விண்மீன்களுக்குக் கீழே வாள்போற் தொங்கும் சிறு வரிசையின் நடுவே மங்கலாகத் தெரிவதே ஓரியன் விண்முகில். அது ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. இங்கிலாந்திலிருந்து காணவியலாத கரீனா விண்முகிலும் சித்திரை மாத முன்னிரவுகளில் தென்திசை மலைகளுக்கு மேலே எழுந்து நிற்கும். தை, மாசி மாதங்களின் மேகமற்ற இரவுகளில் நுவரெலியாப் பகுதியிலே உறைபனி படிந்து கொழுந்தைக் கருக்குவதுண்டு. தோட்டத்துக்கு இழப்பைத் தரும் அதே தெளிவுதான் வானைப் படம்பிடிப்பவனுக்கு வாய்ப்பைத் தருகின்றது.

கையால் வரைந்த காலத்தில் ஒரு பெருந்தொல்லை இருந்தது. ஓர் அறிஞர் வரைந்த ஓரியன் விண்முகில் மற்றொருவர் வரைந்ததனோடு ஒவ்வவில்லை. முகில் மாறிவிட்டதா, வரைந்த கை வேறுபட்டதா என்று துணிய வழியில்லை. 1880 செப்ரெம்பர் 30இல் நியூயோர்க் மருத்துவரான ஹென்றி டிரேப்பர், 11 அங்குலத் தொலைகாட்டியின் துணையோடு 51 நிமிட நேரம் தட்டில் ஒளிவிழச் செய்து அவ்விண்முகிலின் முதலாவது புகைப்படத்தை எடுத்தார். ஜூலியா கமரன் மறைந்து இரண்டாண்டும் நிறையாத காலம் அது. 1883இல் இங்கிலாந்தில் அன்ட்ரூ கொமன் எடுத்த படங்களிலோ கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் பதிந்திருந்தன. கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. கணத்துக்குக் கணம் பெற்றதை இழந்துவிடுகின்றது. தட்டு அவ்வாறன்று. அது மணிக்கணக்கிற் காத்திருந்து துளித்துளியாகச் சேர்க்கவல்லது. இவ்வாறு, பார்த்ததைப் பதிவுசெய்யும் கருவியாக எண்ணப்பட்ட புகைப்படம், பார்க்கவியலாததை அறிவிக்கும் கருவியாயிற்று.

இன்று இப்பணி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சுருக்கமாக அறிதல் நம் வினாவுக்குத் துணைபுரியும். புவியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் தாங்கியிற் கமராவும் தொலைகாட்டியும் பொருத்தப்படுகின்றன. சில வினாடி முதற் சில நிமிடம் வரையான படங்கள் பல எடுக்கப்படுகின்றன. பின்னர் வில்லையை மூடிவிட்டு, அதே வெப்பநிலையில், அதே நேர அளவுக்கு, ஒளியே புகாத படங்களும் எடுக்கப்படுகின்றன. ஒளி வராதபோதும் கருவி தானாகவே காட்டும் பொய்யொளியை அவை வெளிப்படுத்தும். அதனை உண்மைப் படத்திலிருந்து கழித்துவிடுவர். சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படங்கள் வில்லையின் தூசையும் ஓரத்து இருளையும் காட்டிக்கொடுக்கும். இவற்றுக்குப் பின்னரே எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நூறு படங்களை அடுக்கினால் வானத்து ஒளி நூறு மடங்காகும். இரைச்சல் எனப்படும் ஒழுங்கற்ற புள்ளிக் குழப்பமோ பத்து மடங்கே ஆகும். ஆகவே தெளிவு பத்து மடங்காகப் பெருகும். இறுதியாக, மங்கிய பகுதிகளின் ஒளியை உயர்த்திக் கண்ணுக்குத் தெரியச் செய்வர். ஓரியன் விண்முகிலின் நெஞ்சிலே நான்கு விண்மீன்கள் மிகப் பிரகாசமாக உள்ளன. வெளிச்சிறகுகள் தெரியுமளவுக்கு ஒளியைச் சேர்த்தால் நெஞ்சு வெந்து வெண்மையாகிவிடும். நெஞ்சைக் காத்தால் சிறகுகள் இருளில் மறையும். எனவே குறுநேரப் படத்தையும் நெடுநேரப் படத்தையும் இணைத்தே முழுமையைக் காட்ட முடியும்.

இத்தனை செயற்பாடுகளுக்கும் உட்பட்ட ஒன்றை மெய் என்று கூறலாமா? கூறலாகாது என்போர் கண்ணையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆனால் அவ்வளவுகோலே குறையுடையது. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியாக் கலங்கள் மட்டுமே தொழிற்படுகின்றன. விண்முகில் சாம்பல் நிறமாகத் தெரிவது நம் இயலாமையின் நிறமே. ஐதரசன் வெளியிடும் ஆழ்ந்த செம்மை அங்கு உண்மையாகவே உண்டு. 1864இல் வில்லியம் ஹகின்ஸ் ஒரு விண்முகிலின் ஒளியைப் பிரித்து நோக்கியபோது பச்சைக் கோடுகளைக் கண்டார். அவை எவ்வறிந்த மூலகத்துக்கும் பொருந்தாமையால் நெபுலியம் என்ற புதுப் பொருள் ஒன்று கற்பிக்கப்பட்டது. அக்கோடுகள் இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனுடையவை என்பதை 1927இல் அயரா போவன் விளக்கினார். கற்பனை மறைந்தது, பச்சைக் கோடு எஞ்சியது. வந்த ஒளியைத் தன் எண்ணத்திலிருந்து பிரித்துவைத்த பதிவு, எண்ணம் பிழைத்தபோதும் பிழைக்கவில்லை.

உண்மை, வாய்மை, மெய்ம்மை என்னும் மூன்று சொற்களைத் தமிழ் வழங்குகின்றது. அவற்றை உள்ளம், வாய், மெய் ஆகிய மூன்றனோடும் முறையே பொருத்திக் கூறும் மரபும் உண்டு. படத்தின் மெய்யை ஆராய்வதற்கு இம்மரபு சிறந்த கருவியாகும். கை என்ன செய்தது என்பது மெய்ம்மையின் வினா. செய்ததை வாய் ஒளிக்காது கூறியதா என்பது வாய்மையின் வினா. எதற்காகச் செய்தது என்பது உள்ளத்தின், அதாவது உண்மையின் வினா. இம்மூன்றையும் ஒருசேரக் கடந்த படமே நம் நம்பிக்கைக்கு உரியது.

முதலாவதாக மெய்ம்மை. படத்திலுள்ள ஒவ்வோர் ஒளிக்கும் வானத்தில் ஓர் ஒளி இருத்தல் வேண்டும். உயர்த்துதல் குற்றமன்று, இல்லாததைச் சேர்த்தல் குற்றம். 2023இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கைப்பேசி பற்றி எழுந்த விவாதம் இதற்கு எடுத்துக்காட்டு. வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட நிலாப் படத்தை அக்கைப்பேசியாற் படம்பிடித்தபோது, மூலத்தில் இல்லாத பள்ளங்களும் வடுக்களும் தோன்றின. நிலா எவ்வாறு இருக்கும் என்று முன்பே பயின்ற கணிப்பொறி, வராத ஒளியைத் தன் நினைவிலிருந்து நிரப்பியிருந்தது. காட்டப்பட்ட பள்ளம் நிலவில் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அன்றிரவு அக்கமராவுக்குள் அது வரவில்லை. கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சாட்சி சொல்பவனுக்கும் அக்கருவிக்கும் வேறுபாடில்லை.

இரண்டாவதாக வாய்மை. கழுகு விண்முகிலின் தூண்களை ஹபிள் தொலைகாட்டி 1995இல் எடுத்த படம் உலகறிந்தது. அதில் ஐதரசனின் செம்மை பச்சையாகவும், கந்தகத்தின் செம்மை சிவப்பாகவும், ஒட்சிசனின் ஒளி நீலமாகவும் காட்டப்பட்டன. இயற்கையில் ஏறத்தாழ ஒரே செம்மையாக உள்ள இரண்டையும் வேறுபிரித்துக் காட்டவே இவ்வேற்பாடு. செய்தவர்கள் அதனை வெளிப்படையாகக் கூறினர். 2022 ஜூலை 12இல் வெப் தொலைகாட்டி காட்டிய கரீனாப் பகுதியின் படமோ முற்றிலும் அகச்சிவப்புக் கதிராலானது. ஜோன் ஹேர்ஷலின் தந்தை வில்லியம் 1800இற் கண்டறிந்த அக்கதிரை எக்கண்ணும் காணாது. ஆகவே அப்படத்தின் நிறம் முழுவதும் சூட்டப்பட்டதே. தேசப்படத்தில் மலைக்குக் கபிலமும் கடலுக்கு நீலமும் தீட்டுவதை எவரும் பொய் என்பதில்லை. குறிவிளக்கம் அருகிலே இருக்கின்றது. குறிவிளக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அதே படத்தைக் கண்கண்ட காட்சியாக விற்பவனே வாய்மை தவறியவன்.

மூன்றாவதே கடினமானது. கையால் எதனையும் சேர்க்காமலும் வாயாற் பொய் கூறாமலும் ஒரு படம் பொய்யாகலாம். இதனை வானத்தைவிட மண்ணிலே தெளிவாகக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இலங்கைத் தேயிலையின் விளம்பரங்களிற் கூடை சுமந்த பெண் முறுவலித்து நிற்கிறாள். பச்சை மலை உண்மை, கூடை உண்மை, அக்கணத்து முறுவலும் உண்மையாக இருக்கலாம். சேர்க்கப்பட்டது ஒன்றுமில்லை. ஆனால் மலையின் பிரகாசத்துக்கு ஏற்ப ஒளி அளக்கப்பட்டபோது பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறை இருளில் மறைந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பெண்ணையொத்த பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அவ்வளவு காலமும் அவளது முகம் இந்நாட்டின் அடையாளமாக உலகெங்கும் சென்றது. அவளோ இந்நாட்டின் பிரசையாக இருக்கவில்லை. நெஞ்சின் பிரகாசத்தை மட்டும் காட்டிச் சிறகுகளை இருளில் விட்ட படம் அது. அவ்விருள் தற்செயலானதன்று என்பதே உள்ளத்தின்மீது சாரும் குற்றம்.

இதற்கு மாற்றாக இன்னொரு வகைப் படம் உண்டு. நல்லெண்ணத்தோடு ஒருநாள் மலைக்கு வந்து, கிழிந்த சேலையையும் வெடித்த பாதத்தையும் அழும் குழந்தையையும் மட்டும் தேர்ந்தெடுக்கும் இரக்கப் படம் அது. மங்கியதை உயர்த்துவதே நீதியென்றால் இது நீதியல்லவா என்று கேட்கலாம். விண்முகிற் கலைஞனின் அனுபவம் இங்கு நமக்கு ஒரு முக்கியமான பாடத்தைத் தருகின்றது. ஒரேயொரு படத்தை எடுத்து அதன் மங்கிய பகுதியை வலிந்து உயர்த்தினால் முகிலோடு இரைச்சலும் சேர்ந்து உயரும். எது முகில், எது கருவியின் குழப்பம் என்று பிரித்தறிய முடியாது. அப்போதுதான் மென்மையாக்கவும் கற்பித்து நிரப்பவும் ஆசை எழுகின்றது. மங்கிய ஒளியை உள்ளவாறு காண்பதற்கு மெய்யான வழி ஒன்றே: நெடுநேரம் தங்கியிருத்தல், மீண்டும் மீண்டும் வருதல். இரக்கப் படத்தில் நாம் காண்பது பெரும்பாலும் எடுத்தவரின் மனக்கலக்கத்தையே. லயத்து வாசலிற் பூந்தொட்டி வைத்தவளை, மார்கழி விடியலிற் பஜனைக்கு எழுந்தவளை, சங்கக் கூட்டத்தில் வாதாடியவளை அப்படம் அறியாது. வில்லையை மூடிவைத்து, ஒளியே வராதபோது நம் கருவி எதனைக் காட்டுகிறது என்று முன்னரே சோதித்திருந்தால், நம் இரக்கத்திலே எவ்வளவு நாமே கொண்டுவந்தது என்பது புலப்பட்டிருக்கும்.

விண்முகிலுக்கும் மனிதருக்கும் உவமை இவ்வளவில் நின்றுவிடுகின்றது. விண்முகிலுக்குத் தன் படத்தைப் பற்றிக் கருத்தில்லை. அதனிடம் அனுமதி கேட்க இயலாது. அதற்கு நாம் இழைக்கும் பிழை அதனைத் தாக்காது. மனிதரிடம் கேட்கலாம், கேட்கக்கூடிய இடத்திற் கேளாமை அநீதியாகும். பிறர்க்குத் தீங்கு பயவாமையையே வாய்மையின் இலக்கணமாக வள்ளுவர் கூறியதன் ஆழம் இவ்விடத்தில் விளங்குகின்றது. ஜூலியா கமரனின் படங்களையே இதற்கு நோக்கலாம். 1867இல் அவர் ஹேர்ஷலைப் படம்பிடித்தார். வெண்மயிர் ஒளியேந்தி நிற்கவேண்டுமென்று அம்முதியவரின் தலைமுடியை முன்னதாகக் கழுவச் செய்தார் என்பர். அப்படம் ஹேர்ஷலின் பெயரோடு வாழ்கின்றது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவருடைய வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படத்துக்குப் பெயருண்டு. தோட்டத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளருமாகக் கருதப்படும் உள்ளூர் மக்களோ இலங்கைப் பெண் என்றும் களுத்துறைக் குடியானவர் என்றும் பொதுமொழியால் மட்டும் சுட்டப்படுகின்றனர். அப்படங்களில் அழகு உண்டு. முகங்களுக்கு மாண்பும் உண்டு. கலைஞர்க்கு அறிவியலாரின் விதிகள் பொருந்தா என்று கூறி அவரைக் காக்கலாம். அவருடைய குவியாத மென்மை எவரையும் ஏமாற்றவில்லை என்பதும் உண்மை. ஆயினும் பெயரை எழுதாமை கலையின் பாற்பட்டதன்று. அங்கே ஒரு வினாக் கேட்கப்படவில்லை, அல்லது கேட்ட விடை எழுதப்படவில்லை.

தோட்டத்து வழக்கிலே பேர் என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. செக்றோலிற் பெயர் பதியப்பட்டால் அன்றைய கூலி கிடைக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நாள்தோறும் தம் பெயராலேயே கூலி கணக்கிடப்பட்ட மக்கள் படங்களிற் பெயரற்றவராய் நின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. கணக்குப் புத்தகத்துக்குத் தேவைப்பட்ட பெயர் படத்துக்குத் தேவைப்படவில்லை. வானியலாரோ மங்கிய விண்மீனுக்கும் எண்ணிட்டு, இடங்குறித்து, எப்போது, எக்கருவியால், எவ்வளவு நேரம் நோக்கப்பட்டது என்று எழுதிவைக்கின்றனர். ஐயுறும் மற்றொருவர் அதே இடத்துக்குத் தொலைகாட்டியைத் திருப்பிச் சரிபார்க்க அது வழிவிடுகின்றது. விண்மீனுக்குக் காட்டும் இம்மதிப்பை மனிதருக்குக் காட்டாமைக்கு நியாயம் ஏதுமில்லை.

இன்று நம் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரின் கையிலும் கமரா உண்டு. ஆய்வுக்காகவும் கலைவிழாக்களுக்காகவும் மலையகம் செல்வோர் பலர். மலையகத்திலிருந்தே இங்கு வந்து பயில்வோரும் பலர். படத்தை எதுவும் செய்யாது விடுவதே நேர்மை என்று அவர்கள் கருத வேண்டியதில்லை. தொடப்படாத படம் என்று ஒன்று இல்லை. செய்ததற்கெல்லாம் விடையிறுக்கக் கூடியவராயிருத்தலே நேர்மை. எடுத்த இடத்தையும் நாளையும் எழுதுக. சம்மதத்தோடு பெயரையும் எழுதுக. சட்டத்துக்கு வெளியே எதனை விட்டோம் என்பதையும் ஒரு வரியிற் குறிப்பிடுக. படத்தை உரியவர்க்குக் காட்டி அவர் சொல்வதைக் கேட்டு, மறுமுறையும் செல்க. பிரகாசமானது எவர் முயற்சியுமின்றியே படத்தில் விழுந்துவிடும். மங்கியது நம் நேரத்தைக் கேட்கின்றது. அதனைக் கொடுத்த பின்னரே அதனைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டாகின்றது.